பால்வெளியோட நடுவுல என்னதான் இருக்கு? பட்டை, பல்ஜ், கருந்துளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்ம பால்வெளியோட மையத்தைப் பத்தி படிக்கிறவங்களுக்கு வர்ற முதல் குழப்பமே ஒரு இடத்துல பந்து மாதிரி படம் போட்டிருப்பாங்க, இன்னொரு இடத்துல நீளமா ஒரு பட்டை இருக்கும், ஒரு கட்டுரையில பட்டையோட பாதி நீளம் 16,000 ஒளியாண்டுன்னு இருக்கும், அடுத்த கட்டுரையில 11,000ன்னு இருக்கும். எல்லாருமே பெரிய டெலஸ்கோப் டேட்டாவை வெச்சுத்தான் சொல்றாங்க. அடிக்கடி வர்ற கேள்விகளையும் எனக்குத் தெரிஞ்ச பதில்களையும் ஒரே இடத்துல போட்டிருக்கேன். படிக்கும்போது ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பட்டையோட நீளமும் அது சுத்துற வேகமும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு, ஒருத்தர் ஒண்ணை மாத்திச் சொன்னா இன்னொண்ணையும் அவர் மாத்தியே ஆகணும்.

சுருக்கமா சொல்லுங்க, நடுவுல என்ன இருக்கு?

வெளியில இருந்து உள்ள போவோம். நாம இருக்கிறது தட்டையான டிஸ்க்ல, மையத்துல இருந்து சுமார் 26,700 ஒளியாண்டு தள்ளி. உள்ள போகப் போக நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நீளமான பட்டையா இருக்கு, அது நாம மையத்தைப் பார்க்கிற கோட்டுக்கு 27ல இருந்து 30 டிகிரி சாய்வா கிடக்கு, அதாவது அதோட ஒரு முனை கிட்டத்தட்ட நம்மளப் பார்த்து நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தப் பட்டையோட உள்பகுதி மேலயும் கீழயும் உப்பி, பக்கவாட்டுல பார்த்தா வேர்க்கடலை ஓடு மாதிரி இருக்கு, நாம பல்ஜ்னு சொல்றது பெரும்பாலும் அதைத்தான். அதுக்கும் உள்ள சில நூறு ஒளியாண்டு அளவுல ஒரு குட்டி நட்சத்திர டிஸ்க், அதைச் சுத்தி அடர்த்தியான வாயு மேகங்கள், அதுக்குள்ள ஒரு நட்சத்திரக் கொத்து, நட்ட நடுவுல சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார்ங்கிற கருந்துளை, 43 லட்சம் சூரியன் எடை.

பட்டை இருக்குங்கிறதுல இன்னைக்கு சண்டை இல்ல. அது எவ்ளோ நீளம், எவ்ளோ வேகமா சுத்துது, எப்போ உருவாச்சு, அதுக்குள்ள பழைய காலத்து உருண்டை பல்ஜ் ஏதாவது ஒளிஞ்சிருக்கா, இதுலதான் சண்டை.

பல கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிற கேலக்ஸிக்கு எல்லாம் படம் இருக்கு, நம்மளோடதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ கஷ்டம்?

ரெண்டு காரணம். ஒண்ணு தூசி. நமக்கும் மையத்துக்கும் நடுவுல டிஸ்க்ல இருக்கிற தூசி, கண்ணுக்குத் தெரியிற ஒளியை கிட்டத்தட்ட 30 மேக்னிட்யூட் (நட்சத்திரத்தோட பிரகாசத்தை அளக்கிற அளவுகோல்) மங்க வைக்குது, அதாவது அங்கிருந்து கிளம்புற ஒரு லட்சம் கோடி ஃபோட்டான்ல ஒண்ணு வந்தா பெருசு. இன்ஃப்ராரெட்ல பார்த்தா இந்த இழப்பு ரொம்பக் குறையும், ரேடியோவுல தூசி ஒரு பொருட்டே இல்ல, அதனாலதான் இந்தக் கதை முழுக்க இந்த ரெண்டு வகை டெலஸ்கோப்பாவே வரும். 1940கள்ல வால்டர் பாடே தூசி கொஞ்சம் கம்மியா இருக்கிற ஒரு சின்ன இடைவெளியைத் தேடிப் பிடிச்சு அது வழியா பல்ஜ் நட்சத்திரங்களைப் பார்த்தார், பாடே ஜன்னல்னே அதுக்குப் பேரு, இன்னைக்கும் அதைப் பயன்படுத்துறாங்க.

ரெண்டாவது காரணம் நாம நிக்கிற இடம். தேர்த் திருவிழா கூட்டத்துக்குள்ள நின்னுகிட்டு, தேரையும் அதைச் சுத்தி இருக்கிற கூட்டத்தோட வடிவத்தையும் சொல்லுன்னு கேட்டா எப்படி இருக்கும், அதே நிலைமை. ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு துல்லியமா தெரிஞ்சாதான் வடிவம் கிடைக்கும், தூரத்துல பத்து பர்சென்ட் தப்பு வந்தா மைய தூரத்துல அது 2,600 ஒளியாண்டு தப்பு. அந்தத் தப்பு எப்பவும் நம்ம பார்வைக் கோட்டு வழியாவே நீளும், பட்டையும் கிட்டத்தட்ட அதே பக்கமா சாய்ஞ்சு கிடக்கிறதால பட்டை எங்க முடியுது தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்கிறதே பெரிய வேலை. இந்த விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க, கீழ நீளத்தைப் பத்தின கேள்வியில திரும்ப வரும்.

பட்டை இருக்குன்னு முதல்ல யாரு சொன்னாங்க?

இது நல்ல கதை. 1957ல நெதர்லாந்துல யான் ஊர்ட் குழுவினர் ஹைட்ரஜனோட 21 செ.மீ. ரேடியோ அலையை வெச்சு மையப் பக்கம் பார்த்தாங்க. வாயு எல்லாம் வட்டமா சுத்துதுன்னா, மையத்துக்கு நேரா பார்க்கும்போது அது குறுக்கால போகணுமே தவிர நம்மளப் பார்த்து வரவோ விலகவோ கூடாது. ஆனா மையத்துக்கு முன்னாடி இருக்கிற ஒரு வாயுக் கை, நொடிக்கு 53 கிலோமீட்டர் வேகத்துல நம்மளப் பார்த்து வந்துகிட்டு இருந்தது. மையத்துல இருந்து சுமார் 3 கிலோபார்செக், அதாவது 10,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறதால "3 கிலோபார்செக் கை"ன்னு பேரு வெச்சாங்க.

ஏன் வெளிய வருது? ஊர்ட்டும் இன்னும் பலரும் பல வருஷம் எடுத்துக்கிட்ட வழி, மையத்துல ஏதோ பெரிய வெடிப்பு நடந்து வாயுவை வெளிய தள்ளியிருக்கும்ங்கிறது. 1963ல கான்பெராவுல நடந்த மாநாட்டுல ஜெரார்ட் டெ வோகூலர் வேற ஒண்ணு சொன்னார்: வெடிப்பு எதுக்கு, நடுவுல ஒரு பட்டை இருந்தா வாயு வட்டமா சுத்தாம நீள்வட்டமாத்தான் சுத்தும், அந்த நீள்வட்டத்தோட ஒரு பக்கத்தைத்தான் நாம "வெளிய வருது"ன்னு பார்க்கிறோம். மனுஷன் மத்த கேலக்ஸிகளை வகைப்படுத்தியே பழகினவர், பட்டை உள்ள கேலக்ஸிகளை நிறைய பார்த்திருந்தார், அதனால அவருக்கு அது இயல்பாத் தோணிச்சு. ஆனா ரொம்பப் பேர் அதைக் கண்டுக்கல.

திருப்பம் வந்தது 1991ல. ஜேம்ஸ் பின்னியும் கூட்டாளிகளும் மையப் பக்க வாயுவோட வேகங்களை ஒரு சுழலும் பட்டையோட ஈர்ப்புல இருக்கிற பாதைகளை வெச்சு அழகா விளக்கினாங்க. அதே வருஷம் லியோ ப்ளிட்ஸும் டேவிட் ஸ்பெர்கலும், ஜப்பான்காரங்க பலூன்ல எடுத்த இன்ஃப்ராரெட் டேட்டாவுல மையத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சம் அதிகமா இருக்கிறதைக் காட்டினாங்க. பட்டையோட ஒரு முனை கிட்ட இருந்தா அந்தப் பக்கம் பெருசாத் தெரியும், தூர முனை சுருங்கித் தெரியும். நீங்களே கணக்கு போட்டுப் பார்க்கலாம், பாதி நீளம் 16,000 ஒளியாண்டு, சாய்வு 28 டிகிரின்னு வெச்சா கிட்ட முனை வானத்துல மையத்துல இருந்து சுமார் 30 டிகிரி தள்ளித் தெரியும், தூர முனை 10, 11 டிகிரி தள்ளித்தான் தெரியும். அப்புறம் கோபே செயற்கைக்கோள் படம் அந்த ஒருபக்கச் சாய்வை எல்லாருக்கும் தெளிவாக் காட்டிடுச்சு.

வெடிப்பு மாடலுக்கு கடைசி அடி 2008ல விழுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். டாம் டேமும் பேட்ரிக் தாடியஸும் மையத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கை, கிட்டத்தட்ட அதே வேகத்துல நம்மள விட்டு விலகிப் போறதைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பக்கமும் இப்படி ஒரே மாதிரி ஒழுங்கா இருக்கிறது பட்டை மாடலுக்குத்தான் பொருந்துது.

பல்ஜ் வேற, பட்டை வேறயா?

பழைய படங்கள்ல வேற வேற. கேலக்ஸிகள் ஒண்ணோட ஒண்ணு மோதிச் சேரும்போது நட்சத்திரங்கள் கலைஞ்சு நடுவுல உருண்டையா குவியும், இதை கிளாசிக்கல் பல்ஜ்னு சொல்வாங்க. நம்ம பால்வெளிக்கும் அப்படித்தான்னு ரொம்ப நாள் நம்பினாங்க, ஏன்னா அங்க இருக்கிற நட்சத்திரங்கள் ரொம்ப வயசானவை.

இதைச் சோதிக்க மைக்கேல் ரிச் தலைமையில ப்ராவாங்கிற சர்வேயில பல்ஜ்ல இருக்கிற ஆயிரக்கணக்கான சிவப்பு ஜயன்ட் நட்சத்திரங்களோட வேகத்தை அளந்தாங்க. உருண்டை பல்ஜ்னா, டிஸ்க்ல இருந்து மேல போகப் போக சுழற்சி வேகம் குறையணும். ஆனா மேல போனாலும் வேகம் பெருசா மாறல, ஒரு உருளை மொத்தமா சுத்துற மாதிரி இருந்தது. பட்டை உப்பி வந்த பல்ஜ்ல இப்படித்தான் இருக்கும். 2010ல ஜுன்டாய் ஷென்னும் குழுவும் அந்த டேட்டாவுக்கு ஒரு வெறும் டிஸ்க்ல இருந்து தானா உருவான பட்டை மாடலைப் பொருத்திப் பார்த்தாங்க, நல்லாப் பொருந்திச்சு, கிளாசிக்கல் பல்ஜ் இருந்தாலும் அது டிஸ்க்கோட எடையில 8 பர்சென்ட்டுக்கு மேல போக முடியாதுன்னு சொன்னாங்க.

அதனால பாடப்புத்தகத்துல வர்ற அந்த முட்டை மஞ்சக்கரு மாதிரி உருண்டைப் படத்தை மாத்தணும்னு நான் ரொம்ப அழுத்தமாவே சொல்வேன். அங்க இருக்கிற பெரும்பான்மை நட்சத்திரங்கள் ஒரு காலத்துல டிஸ்க்ல சுத்திக்கிட்டு இருந்தவை.

எக்ஸ் வடிவம்னு சொல்றாங்களே, அது என்ன?

வேர்க்கடலை வடிவத்தை பக்கவாட்டுல பார்த்தா நடுவுல எக்ஸ் மாதிரி ஒரு அமைப்பு தெரியும். கண்டுபிடிச்ச விதம்தான் அழகு.

ரெட் கிளம்ப்னு ஒரு வகை நட்சத்திரங்கள் இருக்கு, நடுவுல ஹீலியத்தை எரிச்சுக்கிட்டு இருக்கிறவை, இவற்றோட உண்மையான பிரகாசம் கிட்டத்தட்ட ஒண்ணுபோல இருக்கும். அதனால ஒண்ணு மங்கலாத் தெரிஞ்சா அது தூரத்துல இருக்குன்னு எடுத்துக்கலாம். ஒரு சின்னத் துண்டு வானத்தை எடுத்து, இந்த மேக்னிட்யூட்ல இத்தனை நட்சத்திரம்னு கிராஃப் போட்டா மையத்தோட தூரத்துக்கு ஒரு மேடு வரணும். 2010ல ரெண்டு குழு தனித்தனியா, ஒண்ணு டேவிட் நட்டாஃப் குழு, இன்னொண்ணு ஆண்ட்ரூ மக்வில்லியமும் மானுவேலா ஸோக்காலியும், டிஸ்க்கை விட்டு 5 டிகிரிக்கு மேல தள்ளி இருக்கிற துண்டுகள்ல அந்த மேடு ரெண்டாப் பிரியிறதைப் பார்த்தாங்க. ரெண்டு மேட்டுக்கும் சுமார் 0.5 மேக்னிட்யூட் வித்தியாசம், தூரமா மாத்தினா 25 பர்சென்ட், அதாவது ஒரே திசையில ஒரு கூட்டம் முன்னாடியும் இன்னொரு கூட்டம் கிட்டத்தட்ட 6,000 ஒளியாண்டு பின்னாடியும் இருக்கு. எக்ஸோட ஒரே பக்கத்து ரெண்டு கையையும் நம்ம பார்வைக் கோடு குத்திக்கிட்டுப் போகுது, அதான் ரெண்டு மேடு. டிஸ்க் பக்கம் இறங்க இறங்க ரெண்டு மேடும் நெருங்கி ஒண்ணாச் சேர்ந்துடும்.

2013ல கிறிஸ்டோபர் வெக்கும் ஓர்ட்வின் கெர்ஹார்டும் சிலில இருக்கிற விஸ்டா டெலஸ்கோப்போட டேட்டாவை வெச்சு முழு முப்பரிமாண மேப் போட்டாங்க, சாய்வு 27 டிகிரின்னு வந்தது அதுலதான். அப்புறம் டஸ்டின் லாங் வேற கேலக்ஸிகளுக்காக வைஸ் செயற்கைக்கோள் படத்தை மேப்பாப் போட்டு ட்விட்டர்ல போட, அதைப் பார்த்த மெலிஸா நெஸ் நடுவுல எக்ஸ் தெரியிறதைக் கவனிச்சு, 2016ல ரெண்டு பேரும் சேர்ந்து பேப்பர் எழுதினாங்க.

எக்ஸ் வடிவமே இல்லைன்னு ஒரு குழு சொல்லுதே?

ஆமா, கொரியாவோட யொன்செய் பல்கலையில யங்-வூக் லீ குழு. அவங்க வாதம்: ரெண்டு மேடு வர்றதுக்கு தூரம் காரணமா இருக்கணும்னு அவசியமில்ல, ஹீலியம் அதிகமா உள்ள நட்சத்திரங்கள் இயல்பாவே அதிகப் பிரகாசமா இருக்கும், அதனால பல்ஜ்ல ரெண்டு வகை நட்சத்திரக் கூட்டம் இருந்தா ஒரே தூரத்துலயே ரெண்டு மேடு வரும். சும்மா சொல்லல, பல்ஜ்ல இருக்கிற டெர்சான் 5ங்கிற கொத்துல நிஜமாவே ரெண்டு ரெட் கிளம்ப் இருக்கு.

இதை நான் மதிக்கிறேன், ஒரே அடையாளத்தை வெச்சு வடிவம் சொல்றது ஆபத்துன்னு ஞாபகப்படுத்துற வாதம் இது. ஆனா எனக்கு எக்ஸ் பக்கம்தான் எடை அதிகமாத் தெரியுது. மையத்துல இருந்து ஒரு பக்கம் போனா பிரகாசமான மேடு பெருசாகுது, மறு பக்கம் போனா மங்கலான மேடு பெருசாகுது, சாய்ஞ்ச பட்டைன்னா அப்படித்தான் ஆகணும். ஹீலியம் மட்டும்தான் காரணம்னா நாம பார்க்கிற பக்கத்துக்கு ஏத்த மாதிரி அது மாற வேண்டிய அவசியம் என்ன? வைஸ் படத்துல நட்சத்திரங்களை எண்ணாம வெறும் வெளிச்சத்தையே பார்த்தாலும் எக்ஸ் தெரியுது.

பட்டை எப்படி உப்பி கடலை வடிவம் ஆச்சு?

ரெண்டு மாடல். 1991ல ரஹாவும் கூட்டாளிகளும் காட்டினது, மெலிசா இருக்கிற பட்டை ஒரு கட்டத்துல மேல கீழ வளைஞ்சு நெளிஞ்சு, குறுகிய காலத்துல தடிமனாயிடும். இன்னொண்ணு 1980கள்ல இருந்தே பிரான்சுவாஸ் கோம்ப்ஸ் பக்கம் வளர்ந்தது, நட்சத்திரம் மேல கீழ ஆடுற கணக்கும் பட்டை சுத்துற கணக்கும் ஒத்துப்போற இடத்துல அது சிக்கிக்கிட்டு மெதுமெதுவா மேல தூக்கப்படும். சிமுலேஷன்ல ரெண்டுமே நடக்குது, ரெண்டுமே கடைசியில ஒரே மாதிரி கடலையைத் தான் தருது, அதனால இன்னைக்கு இருக்கிற வடிவத்தை மட்டும் பார்த்து எது நடந்ததுன்னு பிரிக்கிறது சிரமம்.

பட்டை ஒண்ணா ரெண்டா?

2000 வாக்குல ரெண்டுன்னு சொன்னாங்க. பல்ஜ் டேட்டாவுல சாய்வு 25 டிகிரி பக்கம் வந்தது, ஆனா ஸ்பெயின் பக்கத்து குழுக்களும், 2005ல ஸ்பிட்சர் டெலஸ்கோப்பை வெச்சு ராபர்ட் பெஞ்சமின் குழுவும் டிஸ்க்கோட ஒட்டி இருக்கிற நீளமான மெல்லிய பட்டையை 44 டிகிரி சாய்வுல பார்த்தாங்க. ஒரே கேலக்ஸியில கிட்டத்தட்ட ஒரே அளவுல ரெண்டு பட்டை வேற வேற கோணத்துல நிக்கிறது டைனமிக்ஸ்படி தாங்காது, ஒண்ணு இன்னொண்ணை இழுத்து நேராக்கிடும். 2011ல மார்ட்டினெஸ்-வால்பூஸ்டாவும் கெர்ஹார்டும் ஒரே பட்டையோட முனைகள் சுழல் கைகளோட சேரும்போது கொஞ்சம் வளைஞ்சு நின்னா கோணம் அதிகமாத் தெரியும்னு காட்டினாங்க. 2015ல வெக் குழு நீளப் பட்டையையும் அளந்து அதுக்கும் 28ல இருந்து 33 டிகிரின்னு கொண்டு வந்தாங்க. இப்போ பெரும்பாலானவங்க ஒரே பட்டை, உள்ள தடிமன் வெளிய மெலிசுன்னு ஏத்துக்கிட்டாங்க.

வேகமா சுத்துதா மெதுவாவா?

இதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயத்தோட இதயம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சூரியனுக்குப் பக்கத்துல ஹெர்குலிஸ் ஸ்ட்ரீம்னு ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு, மத்ததை விடப் பின்தங்கி, மையத்தை விட்டு வெளிப்பக்கமா நகர்ந்துக்கிட்டு. 2000ல வால்டர் டேனன் இதை பட்டையோட வெளி லிண்ட்பிளாட் ரெசனன்ஸ்னு விளக்கினார், அதாவது பட்டை குறிப்பிட்ட தாளத்துல இழுத்து இழுத்து இவங்களைத் தனியாப் பிரிச்சிடுச்சு. அந்த ரெசனன்ஸ் நம்ம பக்கத்துல விழணும்னா பட்டை ஒரு சுத்துக்கு 11, 12 கோடி வருஷம் மட்டுமே எடுக்கணும். பதினைஞ்சு வருஷத்துக்கு மேல இதுதான் பாடமா இருந்தது.

இப்போ நீளத்தைக் கொண்டு வாங்க. பட்டை மொத்தமா ஒரே கோண வேகத்துல சுத்துது, வெளிய போகப் போக நட்சத்திரங்களோட கோண வேகம் குறையுது, ரெண்டும் சமமாகிற தூரத்தை கோரொடேஷன் ஆரம்னு சொல்வாங்க. பட்டையைத் தாங்குற பாதைகள் அந்த ஆரத்தைத் தாண்டி இருக்க முடியாது, அதனால பட்டை அதுக்குள்ளயே முடிஞ்சாகணும். டேனனோட வேகத்துக்கு அந்த ஆரம் சுமார் 14,000 ஒளியாண்டு. 2015ல வெக் குழு அளந்த பாதி நீளம் 16,000க்கு மேல. இடிக்குதா? இடிக்குது.

2017ல மாத்தியூ போர்ட்டாய் குழு பல்ஜ் நட்சத்திரங்களோட எண்ணிக்கையையும் வேகத்தையும் சேர்த்து மாடல் கட்டினப்போ ஒரு சுத்துக்கு 15, 16 கோடி வருஷம்னு வந்தது, கோரொடேஷன் 19,000 பக்கம் போயிடுச்சு, நீளப் பட்டை வசதியா உள்ள உக்காந்துடுச்சு. அப்போ ஹெர்குலிஸ்? அதே வருஷம் ஏஞ்சலஸ் பெரெஸ்-வியேகாஸும் அதே குழுவும், கோரொடேஷன் ரெசனன்ஸ்ல சிக்கின நட்சத்திரங்கள் நம்ம பக்கம் வரை வந்து போகும், ஹெர்குலிஸ் அவங்கதான்னு காட்டினாங்க. ஒரே கூட்டம், ரெண்டு விளக்கம். 2019ல ஜேசன் சாண்டர்ஸ் குழு மாடல் கட்டாம நட்சத்திர நகர்வுகளை நேரடியா வெச்சே கிட்டத்தட்ட அதே மெதுவான வேகத்தை எடுத்தாங்க, 2022ல கிளார்க்கும் கெர்ஹார்டும் இன்னும் மெதுவா, 18 கோடி வருஷம்னு கொண்டு போனாங்க. தனித்தனி வழிகள் ஒரே பக்கம் சாயும்போது நான் அந்தப் பக்கம்தான் நிப்பேன், மெதுவான பட்டை.

அப்போ நீளம் முடிவாயிடுச்சா?

இல்ல, இப்போ அங்கதான் தீ பிடிச்சிருக்கு. 2020ல தாரிக் ஹில்மியும் இவான் மின்செவ்வும் மத்தவங்களும் சிமுலேஷன்ல ஒண்ணைக் கவனிச்சாங்க, சுழல் கைகள் பட்டையோட முனையை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பிரியும், தொட்டிருக்கிற நேரத்துல அளந்தா கையோட நட்சத்திரங்களையும் பட்டைன்னு சேர்த்து எண்ணிடுவோம். 2023ல மேடலின் லூசி குழு வடிவத்தைப் பார்க்காம, எந்தெந்த நட்சத்திரம் நிஜமாவே பட்டையோட பாதையில மாட்டி இருக்குன்னு கணக்கு போட்டாங்க, பட்டை 11,000 ஒளியாண்டு சொச்சத்துல முடிஞ்சிடுச்சு, அதுக்கு மேல நீளமாத் தெரியிறது கை ஒட்டிக்கிட்டதுன்னு சொல்றாங்க. தூரத் தப்பு பட்டையை இழுத்து நீட்டிக் காட்டும்னு மேல சொன்னேனே, அதுவும் இதோட சேருது.

நீளம் 11,000, கோரொடேஷன் 19,000னா பட்டை தன்னோட எல்லையை விட ரொம்பச் சின்னதா இருக்கு, மத்த கேலக்ஸிகள்ல இப்படிப் பொதுவா இருக்காது. அதனால குட்டைப் பட்டைன்னு சொல்றவங்க இதுக்கும் பதில் சொல்லியாகணும். இந்த இடத்துல நான் எந்தப் பக்கமும் சாயல.

இதுல டார்க் மேட்டர் எங்க வருது?

பட்டை சுத்தும்போது சுத்தி இருக்கிற டார்க் மேட்டருக்கு தன்னோட சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துட்டு தான் மெதுவாகும். டெபட்டிஸ்டாவும் செல்வுட்டும் 1990கள் கடைசியிலயே இதை சிமுலேஷன்ல காட்டிட்டாங்க. 2021ல ரிம்பெய் சிபாவும் ரால்ஃப் ஷோன்ரிக்கும், பட்டை மெதுவாகும்போது அதோட ரெசனன்ஸ் வெளிய நகர்ந்து, போற வழியில புதுப்புது நட்சத்திரங்களைப் பிடிச்சு அடுக்கடுக்கா சேர்க்கும்னும், அந்த அடுக்கு ஹெர்குலிஸ் நட்சத்திரங்களோட உலோக அளவுல (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மத்த தனிமங்களை எல்லாம் இங்க உலோகம்னுதான் சொல்வாங்க) தெரியுதுன்னும் சொன்னாங்க. இது நிலைச்சா, கண்ணுக்கே தெரியாத டார்க் மேட்டர் அங்க நிஜமாவே பொருளா இருக்கு, ஈர்ப்பு விதியை மாத்தினா மட்டும் போதாதுங்கிறதுக்கு பலமான சாட்சி ஆகும். பட்டையோட வேகத்துக்கு இவ்ளோ பேர் மல்லுக்கட்டுறது இதுக்காகத்தான்.

பழைய உருண்டை பல்ஜ் கொஞ்சம் கூட இல்லையா?

கொஞ்சம் இருக்கலாம். ஆர்ஆர் லைரேங்கிற துடிக்கிற நட்சத்திரங்கள் எல்லாம் 1,000 கோடி வருஷத்துக்கு மேல வயசானவை, தூரம் எடுக்கவும் வசதியானவை. 2013ல இஸ்த்வான் டேகானி குழு இன்ஃப்ராரெட்ல பார்த்துட்டு இவை பட்டையைப் பின்பற்றல, உருண்டையா இருக்குன்னு சொன்னாங்க. ஓகிள் சர்வேயை வெச்சு பியெத்ருகோவிச் குழு இல்ல, பட்டை மாதிரி நீண்டுதான் இருக்குன்னு சொன்னாங்க. 2017ல டெபட்டிஸ்டா குழு சொன்ன சமாதானம் எனக்குப் பிடிச்சிருக்கு, பட்டை உருவாகும்போது ஏற்கனவே தாறுமாறா ஓடிக்கிட்டு இருந்த வயசான நட்சத்திரங்கள் பட்டைக்குள்ள சரியா அடங்காது, ஒழுங்கா ஓடின இளசுகள்தான் கச்சிதமான கடலை ஆகும், அதனால ரெண்டு வடிவம் இருக்கிறதாலயே ரெண்டு பிறப்பு இருக்கணும்னு இல்ல.

2022ல ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸ் குழு, நட்சத்திரங்களோட தூரத்தையும் நகர்வையும் அளந்த கயாங்கிற ஐரோப்பிய விண்வெளி டெலஸ்கோப்போட டேட்டாவுல, மையத்தைச் சுத்தி உலோகம் ரொம்பக் குறைஞ்ச கிழட்டு நட்சத்திரங்கள் அடர்த்தியாக் குவிஞ்சிருக்கிறதைக் காட்டினாங்க, பால்வெளியோட முதல் கரு அது. 2024ல க்யாதி மல்ஹானும் ரிக்ஸும் ரெண்டு பழைய கூட்டங்களைப் பிரிச்சுக் காட்டி சிவா, சக்தின்னு பேரு வெச்சாங்க, ஒவ்வொண்ணும் ஒரு கோடி சூரியன் அளவு எடை. அவை ஆதியில வந்து சேர்ந்த துண்டுகளா, இல்ல பட்டையோட ரெசனன்ஸ் சேர்த்து வெச்ச கூட்டமா? அங்கயும் பட்டை வந்து நிக்குது பாருங்க.

இன்னும் உள்ள, அந்த வாயு வளையம்?

மையத்துல இருந்து சில நூறு ஒளியாண்டுக்குள்ள 3ல இருந்து 5 கோடி சூரியன் எடைக்கு வாயு இருக்கு, பட்டை தான் அதை உள்ள இழுத்துக் கொட்டுது. அதோட வடிவத்துக்கு மூணு மாடல்: 1995ல சோஃபுவே சொன்ன ரெண்டு சுழல் கை, 2011ல ஹெர்ஷல் விண்வெளி டெலஸ்கோப் டேட்டாவுல மொலினாரி சொன்ன முறுக்கின வளையம், 2015ல க்ரூய்சென் சொன்ன மூடாத ஓட்டம். ஒரு மேகம் மையத்துக்கு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்காங்கிறதுதான் மொத்தச் சண்டையும். அங்க பிரிக்னு ஒரு மேகம் இருக்கு, ஒரு லட்சம் சூரியன் எடை, இவ்ளோ அடர்த்திக்கு நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாப் பிறக்கணும், ஆனா கிட்டத்தட்ட ஒண்ணுமே பிறக்கல. அந்த வட்டாரம் முழுக்கவே எதிர்பார்த்ததுல பத்துல ஒரு பங்குதான் பிறக்குது.

அந்தக் குட்டி நட்சத்திர டிஸ்க் இன்னொரு வகையில முக்கியம். பட்டை உருவானப்புறம் உள்ள வந்த வாயுல பிறந்ததுதான் அது, அதனால அங்க இருக்கிறதுல வயசானதைப் பிடிச்சா பட்டையோட வயசு தெரியும். 2024ல சாண்டர்ஸ் குழு மீரா வகை நட்சத்திரங்களை வெச்சு சுமார் 800 கோடி வருஷம்னு எடுத்தாங்க.

நடுவுல இருக்கிறது கருந்துளைதானா, அதுக்கும் போட்டி மாடல் இருக்கா?

எஸ்2ங்கிற நட்சத்திரம் 16 வருஷத்துல ஒரு சுத்து சுத்துது, 2018 மே மாசம் மையத்துல இருந்து பூமி-சூரிய தூரத்தைப் போல 120 மடங்கு தூரத்துல, நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல பறந்துச்சு. இதை வருஷக்கணக்கா அளந்ததுக்குத்தான் ரைன்ஹார்ட் கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020 நோபல். அடர்த்தியான டார்க் மேட்டர் உருண்டையும் இதே பாதையைத் தரும்னு ருஃபினி, ஆர்குவெல்லஸ் குழு ஒரு மாடல் வெச்சிருக்காங்க. ஆனா 2022 மே 12ல ஈவன்ட் ஹொரைசன் டெலஸ்கோப் படத்துல மையத்தைச் சுத்தித் தெரிஞ்ச ஒளி வளையத்தோட அளவு, எஸ்2 தந்த எடைக்கு ஐன்ஸ்டீன் கணக்குப்படி வரவேண்டிய அளவோட ஒத்துப்போகுது, அதனால கருந்துளைன்னே நான் சொல்வேன். ஒண்ணு தெளிவாச் சொல்லணும், 43 லட்சம் சூரியன் பெருசாக் கேட்கும், ஆனா பல்ஜ் வட்டாரத்தோட மொத்த எடை 1,850 கோடி சூரியன். பட்டையைத் தாங்குறது கருந்துளை இல்ல, நட்சத்திரங்களோட சொந்த ஈர்ப்பு.

நம்ம ஊர்ல இருந்து பார்க்க முடியுமா?

தாராளமா, ஐரோப்பாக்காரங்களை விட நமக்கு இது பல மடங்கு நல்லாத் தெரியும். மதுரையில இருந்து மையம் 51 டிகிரி உயரம் வரைக்கும் ஏறும். ஜூலையில ராத்திரி பத்து, பத்தரைக்கு மேகம் இல்லாத நாளா, டவுன் வெளிச்சம் இல்லாத இடமாப் பார்த்து தெக்கால நில்லுங்க. தேளோட வால்ல இருக்கிற மூலம் நட்சத்திரத்தைப் பிடிச்சு, அதுக்கு கொஞ்சம் வடகிழக்கால, கையை நீட்டி வெச்ச முஷ்டியை விடச் சற்றுக் குறைவான தூரத்துல மையத்தோட திசை. கண்ணுக்கு அங்க தெரியிறது முன்னாடி இருக்கிற மேகமும் தூசியும்தான். அங்கிருந்து பால்வெளி வழியா திருவோணத்தைப் பார்த்து நகருங்க, பாதிக்கு மேல போனதும் வர்ற திசையிலதான் பட்டையோட கிட்ட முனை, அதாவது நீளப் பட்டை மாடல் சரியா இருந்தா. தூர முனை தேளோட வால் பக்கமே முடிஞ்சிடும். இவ்ளோ அகலமா ஒரு பக்கம், இவ்ளோ குறுகலா மறு பக்கம்.

எந்த டேட்டா வந்தா இதெல்லாம் தீரும்?

கயா 2025 ஜனவரியில அளக்கிறதை நிறுத்திடுச்சு, ஆனா அதோட நாலாவது தொகுப்பு 2026 டிசம்பர்ல வெளியிடத் திட்டம், அதுல தூரமும் நகர்வும் இப்போ இருக்கிறதை விடத் துல்லியமா இருக்கும். பட்டையோட முனைப் பக்கத்துல தூரத் தப்பு பாதியாக் குறைஞ்சாலே நீளச் சண்டையில பெரிய பகுதி முடிஞ்சிடும்னு நினைக்கிறேன். கயா பார்க்கிறது கண்ணுக்குத் தெரியிற ஒளியிலங்கிறதால தூசிக்குப் பின்னாடி அதால ரொம்ப தூரம் போக முடியாது, அங்க நாசாவோட ரோமன் டெலஸ்கோப் இன்ஃப்ராரெட்ல பல்ஜைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கப் போகுது. அதுல நான் முதல்ல தேடப்போறது தூர முனைப் பக்கம் நட்சத்திரங்கள் எந்த வேகத்துல போகுதுங்கிறதை. கிட்ட முனையை மட்டும் அளந்துட்டு அந்தப் பக்கமும் இப்படியே இருக்கும்னு வெச்சுத்தான் இன்னைக்கு நிறைய நீளக் கணக்கு ஓடுது, ஆனா சுழல் கை ஒரு முனையில ஒட்டியிருந்து மறு முனையில ஒட்டாம இருந்தா ரெண்டு முனைக்கும் வேற வேற நீளம்தான் வரும்.